புத்தகத்திலை நீங்களும் இருக்கிறியள்

கொட்பிறிக்குக் கொஞ்சம் ஓட்டை வாய். கெட்ட மனிதர் இல்லை. சந்தோசம் வந்தால் நாக்கு முந்திவிடும், அவ்வளவுதான். அந்த நாக்குத்தான் அவருடைய மனைவியின் புத்தக வெளியீட்டுக்கு மண்டபம் நிறையச் சனத்தைக் கூட்டி வந்தது. அவ்வளவு சனத்துக்கும் நடுவில் அவரை வியர்க்க விறுவிறுக்க நிறுத்தி வைத்ததும் அதே நாக்குத்தான்.

மனைவி நிரஞ்சலா, மேற்கு சிட்னியில் ஒரு நகரசபைக்கு மேயராக இருந்தவர். மன்னாரிலிருந்து வந்த பெண் ஒருத்தி மேயர் சங்கிலியோடு நிற்கும் படத்தை நார்த்மீட்டில் எத்தனையோ வீட்டு பிரிட்ஜ் கதவுகளில் ஒட்டி வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரு தவணைக்குத்தான். அடுத்த தேர்தலில் தோற்றார். தோற்ற மறு கிழமையே போன் அடிப்பது நின்றுபோனது. காரியம் கேட்டுக் காலில் விழாத குறையாக நின்றவர்கள், கடையில் கண்டால் திரும்பி நின்று பருப்புத் தேடினார்கள். நிரஞ்சலா அதைப் பற்றி ஒரு சொல் முறையிடவில்லை. பதவியில் இருந்த காலத்தைத் தமிழில் எழுதி, 'கழுத்தில் கனத்தது' என்று பெயர் வைத்து, ஒருவருக்கும் காட்டாமல் சென்னையில் அச்சுக்குக் கொடுத்தார். மண்டபம் பதிவுசெய்த அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார்.

"தோத்த மேயரின்ரை கதையைக் கேக்க ஆர் வரப்போயினம்? முன்வரிசைக் கதிரையள் நிரம்பினாலே பெரிய காரியம்."

கொட்பிறிக்கு நெஞ்சு சுருக்கென்றது. அன்றைக்கே போனை எடுத்துவிட்டார்.

முதலில் பிடிபட்டவர் சிறிதரன். அன்றைக்கு வேலை என்று இழுத்தார். "வேலையோ? புத்தகத்திலை நீங்களும் இருக்கிறியள், அண்ணை!" என்று கொட்பிறியின் வாயிலிருந்து விழுந்தது. "மெய்யாவோ? மழைக்குள்ளை நான் குடை பிடிச்சதைப் போட்டவாவோ? நான் குடும்பமா வாறன்" என்றார் சிறிதரன்.

அதன் பிறகு கொட்பிறியைப் பிடிக்க முடியவில்லை. அந்த ஒரு வசனம் எல்லாக் கதவையும் திறந்தது. கோயில் தலைவர், பழைய மாணவர் சங்கம், மெல்பேர்ன் கிரான்பர்னில் இருக்கும் வரதராஜா, எல்லாருமே புத்தகத்தில் இருந்தார்கள். நகரசபைக் கூட்டத்தில் நிரஞ்சலாவைப் பார்த்துக் கத்திய இரத்தினசிங்கத்துக்குக்கூட, ஒரு வேகத்தில், சொல்லிவிட்டார். போகப் போக அவரே அதை நம்பத் தொடங்கினார். இவ்வளவு செய்தவர்களை நிரா எழுதாமல் விட்டிருப்பாளா? எல்லாருக்கும் மேலாகத் தான் இருப்போமே என்ற எண்ணம் அவருக்குத் தேனாக இனித்தது.

வெளியீட்டுக்கு முதல் நாள் புத்தகப் பெட்டிகள் வந்தன. நிரஞ்சலா வெளியே போனதும் கொட்பிறி ஒன்றை உடைத்து, புது மை மணக்க மணக்க, விரலை வைத்துக்கொண்டு தன் பெயரைத் தேடினார். முதல் அதிகாரத்தில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. வேகமாகப் புரட்டினார். சிறிதரன் இல்லை, வரதராஜா இல்லை. "குடை பிடித்தவர்" என்று ஒரு இடம், "ஒரு அன்ரி" என்று இன்னொரு இடம். கடைசிப் பக்கத்தில், "எல்லோருக்கும் நன்றி." முழுப் புத்தகத்திலும் நிரஞ்சலாவைத் தவிர ஒரு மனிதப் பெயர் கிடையாது.

கொட்பிறி அப்படியே பெட்டியின் மேல் இருந்துவிட்டார். போனில் வரதராஜாவின் செய்தி மின்னியது. குடும்பமாகக் காரில் வெளிக்கிட்டு, பாதி வழியும் வந்துவிட்டார்கள்.

மறுநாள் மண்டபத்தில் நிற்க இடமில்லை. மகள் றொசானா ஓடியோடிக் கதிரை போட்டாள். நிரஞ்சலா வாசலில் நின்று, நம்ப முடியாமல், கணவரின் கையை இறுக்கிப் பிடித்தார். "பாருங்கோ, எவ்வளவு சனம்! என்னை மறக்கேல்லை!" அவர் கண் கலங்கியிருந்தது. இதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எந்த மனிதனுக்கு மனம் வரும்? கொட்பிறி தலையை மட்டும் ஆட்டினார்.

விளக்கேற்றி, முதற்பிரதி கொடுத்து, சனத்தின் கைக்குப் புத்தகம் வந்த பிறகுதான் சங்கதி தொடங்கியது. ஆய்வுரை சொல்ல வந்த சச்சிதானந்தன் மேடையில் முழங்கிக்கொண்டிருக்க, கீழே ஒருவரும் கேட்கவில்லை. மண்டபம் முழுக்கத் தாள் புரளும் சத்தம். சிறிதரன் மூக்குக் கண்ணாடியை மாட்டி, கழற்றி, திரும்ப மாட்டினார். வரதராஜா தூரத்திலிருந்து விரலை விரித்து, எத்தனையாம் பக்கம் என்று சைகை காட்டினார். கொட்பிறி முகட்டைப் பார்த்தார். சட்டைப் பையில் போன் விடாமல் அதிர்ந்தது.

இனித் தாங்காது என்று, ஒரு கிளாஸ் தண்ணீரைச் சாட்டாக எடுத்துக்கொண்டு மேடை ஏறி, மனைவியின் காதில் எல்லாவற்றையும் கொட்டினார்.

நிரஞ்சலாவின் சிரிப்பு ஒரு நூலளவும் அசையவில்லை. கமராக்களுக்குப் பழகிய மேயர் சிரிப்பு அது. அந்தச் சிரிப்போடேயே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "எத்தினை பேருக்குச் சொன்னியள்?"

"வந்திருக்கிற எல்லாருக்கும்."

"ஒருத்தற்றை பேரைப் போட்டால் நூறு பேர் கோவிப்பினம் எண்டுதான் ஒண்டுமே போடாமல் விட்டனான். மேயரா இருந்த காலம் முழுக்க நான் ஒருத்தருக்கும் பொய் வாக்குக் குடுக்கேல்லை. நீங்கள் எனக்காண்டி எல்லாருக்கும் குடுத்துப் போட்டியள்."

"நிரா, ஆக்கள் வரவேணுமெண்டு..."

"போய் இருங்கோ."

மேடையிலிருந்து இறங்கிய அந்த நாலு படி போல நீளமான பாதையைக் கொட்பிறி வாழ்நாளில் நடந்ததில்லை. அவள் வாசலில் கையைப் பிடித்த சந்தோசத்தைத் தானே பறித்துவிட்டோமே என்று நொந்துகொண்டார்.

ஏற்புரைக்கு நிரஞ்சலா எழுந்தார். எழுதி வைத்திருந்த தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"என்ரை மனுசன் உங்களுக்குச் சொன்னது பொய்," என்றார். "இதிலை உங்கடை பேர் இல்லை. என்ரை பேரைத் தவிர ஒருத்தற்றை பேரும் இல்லை. பேருக்காண்டி வந்தவை எழும்பிப் போகலாம், நான் கோவிக்க மாட்டன். ஆனால் வீட்டை போய் ஆறுதலா வாசியுங்கோ. நீங்கள் செய்தது ஒண்டையும் நான் மறக்கேல்லை."

ஒரு கதிரை கிறீச்சிட்டது. யாரோ எழும்பினார்கள். சரி, தொடங்கிவிட்டது, இனி மண்டபம் காலிதான் என்று கொட்பிறி கண்ணை மூடிக்கொண்டார்.

எழும்பியவர் இரத்தினசிங்கம். கையில் புத்தகம் விரிந்திருந்தது. ஆய்வுரை நேரம் முழுக்க அந்த மனிதர் பெயர் தேடவில்லை, வாசித்திருக்கிறார்.

"எழுபத்திமூண்டாம் பக்கம்," என்று உரத்து வாசித்தார். "'பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் தமிழில் கத்தினார்: நான் போட்ட வாக்கைத் திருப்பித் தா! மற்ற உறுப்பினர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அடுத்த கூட்டத்தில் என் முடிவை மாற்றினேன்.'" அவர் நிமிர்ந்தார். "தங்கச்சி, அந்தக் கத்துக் கத்தினது நான்தான். என்ரை பேரை அதிலை உங்கடை கையாலை எழுதித் தாங்கோ. பேரப்பிள்ளையளுக்குக் காட்ட வேணும்."

மண்டபம் வெடித்துச் சிரித்தது, கைதட்டியது. நிரஞ்சலா இந்த முறை மேயர் சிரிப்பு இல்லாமல், வாயைப் பொத்திக்கொண்டு, உண்மையாகவே சிரித்தார். பிறகு கேட்க வேண்டுமா? சனம் கும்பல் கும்பலாக வாசித்து, தங்கள் தங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு மேசையை நோக்கி அடித்துப் பிடித்து ஓடி வந்தது. குடை பிடித்தது தான்தான் என்று மூன்று பேர் சண்டைக்கு நின்றார்கள். நிரஞ்சலா மூவர் புத்தகத்திலும் அவரவர் பெயரை எழுதினார். அந்த ஒரு அன்ரி தான்தான் என்று இரஞ்சிதம் அன்ரி அழுதே விட்டார். வரதராஜா, மெல்பேர்னிலிருந்து வந்த களைப்பெல்லாம் பறந்துபோக, தன் பக்கத்தை எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார்.

சனம் சாப்பாட்டுப் பக்கம் போன பிறகு, கொட்பிறி தானும் ஒரு புத்தகத்தோடு மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் நிரஞ்சலா.

கொட்பிறி அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார்.

"வாசிக்கேல்லையோ?"

"பேரைத்தான்... தேடினனான்."

நிரஞ்சலா பேனையை மூடினார். "வாசிச்சுப் போட்டு வாங்கோ."

கொட்பிறி பின்வரிசையில் போய் இருந்தார். இந்த முறை விரலை வைக்காமல், முதல் வரியிலிருந்து வாசித்தார். 'மேயருக்கு நிற்கும் எண்ணம் என்னுடையது இல்லை. மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர் சொன்னார்: நீர் தேர்தல் கேட்டுப் பாருமன்.' அந்தக் கத்தரிக்காய் அவர் பொறுக்கியது. பக்கத்தைத் திருப்பினார். கூட்டம் முடியும்வரை கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தவர். சேலை மடித்துத் தந்தவர். தோற்ற அன்று, 'இனி உம்மோடை ஆறுதலாக் கதைக்கலாம்' என்றவர். தானில்லாத ஓர் அதிகாரம் எங்காவது அகப்படுமா என்றுதான் இப்போது தேட வேண்டியிருந்தது.

"டாடி! செயார்ஸ்!" என்று கதிரைகளை அடுக்கியபடி றொசானா கூப்பிட்டாள். அவருக்குக் கேட்கவில்லை.

நிரஞ்சலா பேனையோடு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். "சரி, சொல்லுங்கோ. எதிலை எழுத?"

கொட்பிறி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"எழுத வேண்டாம், நிரா. எனக்குத் தெரியும், அதுவே காணும்."