கட்டைவிரலடியில் இரண்டு மணி

சனிக்கிழமை அணைத்த அடுப்பைக் கற்பகவல்லி ஞாயிறு முழுக்கப் பற்றவைக்கவில்லை. பைத்தியமா என்று கேட்காதீர்கள். பட்டாசுக் கம்பெனிக்காரர் பெண்டாட்டிக்குப் புத்தி அப்படித்தான் ஓடும்.

அவள் புருஷன் வெள்ளைத்துரைக்குத் தாயில்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு கம்பெனி. வானத்தில் பூவாக விரிகிற வெடிக்குள் வைக்கும் மணிமருந்தை, மிளகுபோல் உருட்டி மேடையில் காயப் போட்டிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை ஓரத்தில் கொஞ்சம் தீப்பிடித்துச் சிதறியது. நல்லவேளை, பக்கத்தில் வேலையாள் யாருமில்லை. வெள்ளைத்துரைதான் இடது கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி, சிதறிக் கிடந்த மணிமேல் வலது கையை ஊன்றி விழுந்தார். உள்ளங்கை சிராய்த்து, கட்டைவிரல் வீங்கிப்போனது.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார் என்று படத்தைக் கையில் கொடுத்தனுப்பினார்கள். அதை வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. கட்டைவிரலடியில், எந்த எலும்போடும் ஒட்டாமல், வெள்ளையாக இரண்டு உருண்டை. மணிமருந்தேதான்! வெடிக்காத மருந்து சதைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

"நெருப்புப் பக்கம் போகாதீக" என்றாள். அவர் சிரித்தார். படத்தை வாங்கிப் பார்த்தார், சிரிப்பு நின்றது. வருஷக்கணக்காக மணிமருந்து உருட்டிய மனுஷன், கடையில் வாங்கிவந்த சூடான காப்பி டம்ளரைக்கூட அதன்பின் இடது கையால்தான் பிடித்தார். போதாக்குறைக்கு அவள் தம்பி சண்முகவேல் போன் செய்து, கையைக் கிழித்துத்தான் எடுப்பார்கள், விரலே போனாலும் போகும் என்று தன் பங்குக்குப் பயமுறுத்தினான். கட்டைவிரல் இல்லாமல் இந்த மனுஷன் சோற்றை எப்படிப் பிசைவார் என்று அவள் ராத்திரியெல்லாம் அழுதாள்.

திங்கள் காலை எலும்பு டாக்டர் பிரீத்தி கதையைக் கேட்டார், சிரிக்கவில்லை. இடது கையையும் படம் எடுக்கச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்தார். அதிலும் அதே இரண்டு உருண்டை. இந்தக் கை வேட்டியை அல்லவா பிடித்திருந்தது என்று கற்பகவல்லி வாயைப் பிளந்தாள்.

எலும்பை உருவம் பார்த்து இனம் பிரிப்பார்களாம், டாக்டர் சொன்னார். தொடையில் நீள எலும்பு. விரலில் இருப்பதும் அந்த இனம்தான். மணிக்கட்டில் குட்டை, மண்டையில் தட்டை, முதுகுத்தண்டில் எந்த உருவத்திலும் அடங்காதது.

"இது அஞ்சாவது இனம்மா. தசைநாருக்குள்ளயே உருண்டையா இருக்கும். எள்ளு எலும்புன்னு பேரு. உங்க கையிலயும் இருக்கும். முழங்கால் சில்லும் இந்த இனம்தான், கொஞ்சம் பெரிய எள்ளு. சாருக்கு எதுவும் முறியல. வெறும் வீக்கம்."

அவள் சேலைக்கு மேலேயே முழங்காலைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். உயிர் வந்தது.

திரும்பும் வழியில், ஆமத்தூர் தாண்டியதும், வெள்ளைத்துரை காரில் அவள் கையை எடுத்துப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஒங்கையிலயும் மணி இருக்காம்ல. நீ அடுப்புப் பக்கம் போகாத. காப்பிய நான் போடுறேன்."

வீட்டுக்கு வந்ததும் அவள் தீப்பெட்டியை அவரிடமே நீட்டினாள். வீங்கின விரலோடு அவர் குச்சியை உரசினார். டாக்டர் அவ்வளவு சொல்லியும் கேளாமல் அவள் கண் மட்டும் ஒரு நொடி மூடித் திறந்தது.