நடந்து வருகிறவரெல்லாம் கால்நடை

சுண்டங்குளத்தில் மனிதர்களுக்கு நோய் வந்தால் கால்நடை மருந்தகத்தில்தான் வைத்தியம். நிபந்தனை ஒன்றே ஒன்று: நடந்து வர வேண்டும்.

மனிதர்களுக்கென்று முன்பு அங்கே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. ஒரு வைகாசி மாதம் அது பணிமாறுதல் உத்தரவு வாங்கிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் போய்விட்டது. டாக்டரும் நர்சும் பஸ்ஸில் போனார்கள். கட்டடம் பின்னாலேயே போயிற்று. வாசலில் நின்ற வேப்பமரத்தின் பெயர் உத்தரவில் இல்லாததால் மரம் மட்டும் நின்றது. காய்ச்சல்காரர்கள் சில நாள் மரத்தடியில் வரிசையில் நின்று பார்த்துவிட்டு, நூறு அடி தள்ளியிருந்த கால்நடை மருந்தகத்துக்குப் போனார்கள். கம்பவுண்டர் மாசானம் அவர்களைத் திருப்பி அனுப்பினார். பலகையில் கால்நடை என்று எழுதியிருக்கிறது, மனிதர் என்று இல்லையே.

அப்போதுதான் நோட்டீசு தாணு உண்ணாவிரதம் உட்கார்ந்தார்.

முழுப்பெயர் தாணுமூர்த்தி. அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் கூட்டங்களில் கையில் திணித்த நோட்டீசுகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. அப்படிப் படித்தவர் எந்தச் சொல்லையும் முழுசாக நம்ப மாட்டார். உடைத்துப் பார்த்துத்தான் வாங்குவார். கால்நடையையும் உடைத்துப் பார்த்தார். பதிமூன்றாம் நாள் அவர் வெளியிட்ட நோட்டீசின் நான்காம் பத்தி இது:

“காலால் நடப்பது கால்நடை. நாங்கள் வேலைக்கும் சந்தைக்கும் சுடுகாட்டுக்கும் கால்நடையாகவே போகிறோம். ஆகவே கால்நடையாக வருகிற யாவரும் கால்நடையே. வண்டியில் வருகிறவனுக்கு டவுனுக்குப் போக வண்டி இருக்கிறது. அவன் அங்கே போகட்டும்.”

அரசு நான்காம் பத்தியை ஒரு எழுத்து மாற்றாமல் ஆணையாகப் போட்டது. வேப்பமரத்தடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே நடந்து வருகிறவர் கால்நடை. வண்டியோடு கோட்டைத் தாண்டுகிறவர் மனிதர், மனிதருக்கு மருந்து கிடையாது. பஸ் கண்டக்டர்கள், “கால்நடையெல்லாம் எறங்கு” என்று குரல் கொடுத்து, மரத்துக்கு முன்னாலேயே இறக்கிவிட்டார்கள்.

நாற்பத்தைந்து வருடத்தில் தாணு முழுதாக வென்றது அந்த ஒன்றுதான். கூடச் சிறைக்குப் போனவர்கள் காண்டிராக்டர் ஆனார்கள், சிலர் படமாகிச் சுவரேறினார்கள். அவர் கடைசியாகப் போட்ட பொதுக்கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் மஃப்டி போலீஸ். அவர்கள்தான் கடைசி வரை இருந்து கேட்டார்கள்.

மாட்டு மருந்தை மனிதன் சாப்பிடலாமா என்று சந்தைத் திடலில் ஞாயிறுதோறும் பட்டிமன்றம் நடந்தது. கூடாது என்ற அணிக்கு ஏசுவடியான் வாத்தியார் தலைவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எப்போதும் கையில் குடை.

“மனிதனுக்கு மொழி இருக்கிறது” என்பார் வாத்தியார். “மாட்டு மருந்து நாக்கைத் தடிக்க வைக்கும். ழகரம் போய்விடும்.”

“ஏற்கெனவே இருந்தாத்தான வே, போறதுக்கு” என்று கூட்டத்திலிருந்து குரல் வரும்.

தாணு எழுந்து, மருந்து உள்ளே போகும்போது யார் வயிறு என்று விசாரித்துவிட்டா போகிறது என்பார். வாத்தியாரும் வாரம் தவறாமல் இருமலுக்கு வரிசையில் நிற்பார், குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி. கேட்டால், “கொள்கை வேற, இருமல் வேற” என்பார்.

டீக்கடையில் இதைவிட மோசம். “ஊசி போட்டீரே, அண்ணாச்சி, மடி சுரந்துச்சா?” என்பான் ஒருத்தன். “எனக்குச் சுரக்கல. மருந்து டப்பாவுல மூணு நாளைக்குக் கறவை கூடாதுன்னு போட்டிருக்கான்னு சொல்லி எம் பொண்டாட்டி டீ போடுறதத்தான் நிறுத்திட்டா” என்பான் மற்றவன். அதே டப்பாவில், மருந்து கொடுத்து இருபத்தெட்டு நாளைக்கு வெட்டக் கூடாது என்றும் அச்சடித்திருந்தது. பகையுள்ளவர்கள் மாதம் ஓர் ஊசி போட்டுக்கொண்டு டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். அரிவாளோடு வந்தவர்கள் தேதியைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஊரில் வெட்டுக்குத்து அப்படித்தான் குறைந்தது.

இந்த நிலையில் தாணுவின் மனைவி ஆவுடைத்தங்கத்தின் காலில் கருவேலமுள் ஏறியது.

முள் வெளியே வந்துவிட்டது, வலி வரவில்லை. குதிகால் பழுத்து, கால் வீங்கி, சிவப்பு ஒவ்வொரு நாளும் நாலு விரல்கடை மேலே ஏறியது. தாணு சுவரெழுத்துக்கு வைத்திருந்த நீலத்தில் அது நிற்கிற இடத்தில் தினமும் கோடு போட்டார். வாழ்நாளெல்லாம் சிவப்பு ஏற வேண்டும் என்று கத்தியவர், முதல் தடவையாக அது இறங்க வேண்டும் என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் அது தொடையில் நின்றது. மருந்தகத்து டாக்டர் பூரணவல்லி பகல் பன்னிரண்டு மணிக்குக் கோமாரித் தடுப்பூசி முகாமுக்குப் போய்விடுவார். திரும்பப் பத்து நாள் ஆகும். சிவப்பு இடுப்பைத் தொட்டால் பிறகு மாட்டுக்கே மருந்து கிடையாது என்று மாசானம் சொல்லியிருந்தார்.

ஆட்டோ பிடித்து மரத்தடி வரை வந்தார்கள். ஆவுடை இறங்கி, சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால் காலை ஊன்றினாள், உட்கார்ந்துவிட்டாள். தாணு அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு கோட்டைத் தாண்டி, வரிசையைத் தாண்டி, மாடுகளை நிறுத்தி ஊசி போடுகிற இரும்புச் சட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

மாசானம் சீட்டை எடுத்தார். “உங்களுக்கு என்ன செய்யுது, அண்ணாச்சி?”

“எனக்கு ஒண்ணுமில்ல. இவளுக்குத்தான்.”

“நடந்து வந்தது நீங்கல்லா? நீங்கதான் கால்நடை. அவுக பொதி.”

“மாசானம், காலப் பாரு.”

“பாத்துட்டுத்தான் சொல்லுதேன். எனக்கு மட்டும் மனசில்லையா?” அவர் சுவரைக் காட்டினார். நோட்டீசு அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. “நாலாம் பத்தி. நீங்க எழுதினது. ஒரு எழுத்த மாத்தச் சொல்லுங்க, மாத்திருதேன்.”

தாணு அண்ணாந்து பார்த்தார். அவர் எழுதியதிலேயே நல்ல பத்தி. மாற்றுவதற்கு அதில் ஒரு எழுத்தும் இல்லை.

பதினொன்றேகால் ஆகியிருந்தது. வரிசையில் நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள், இடையிடையே எருமைகள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்து, ஆவுடையின் தொடையில் இருந்த கடைசி நீலக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“பலகையில மூணு பேரு எழுதியிருக்கு, ஐயா” என்றார். “மீதி ரெண்டையும் படிச்சீங்களா?”

கால்நடை, கோழி, செல்லப்பிராணி என்று இருந்தது.

“கோழின்னா பறக்கணும்” என்றார் மாசானம். “கொஞ்சமாவது.”

“செல்லப்பிராணி?” என்றார் தாணு.

“அது நடக்க வேண்டாம். ஆனா முதுகுல வரப்படாது. நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வரணும்.”

தாணு திரும்பிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனார். மரத்தடியில் ஆவுடையை இறக்கி, முன்பக்கமாகத் தூக்கினார். கல்யாணமான நாற்பத்தொரு வருடத்தில் அவளை அப்படித் தூக்கியதில்லை. எங்கே கை கொடுக்க வேண்டும் என்று தெரியாமல், போலீஸ்காரர்கள் மறியலில் தன்னைத் தூக்கிப்போன விதத்தை நினைவுக்குக் கொண்டுவந்து அதன்படி தூக்கினார்.

“மெதுவா. நான் என்ன மறியலா பண்ணுதேன்?” என்றாள் ஆவுடை. உடம்பு அனலாய்க் கொதித்தது.

மாசானம் வேறொரு பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். “உரிமையாளர்ங்கிற இடத்துல ஒரு கையெழுத்து.”

தாணு கையெழுத்துப் போடவில்லை. மனைவிக்கு எவனும் உரிமையாளன் இல்லை என்று அவர் ஒரு நோட்டீசு போட்டிருந்தார். மில் உரிமையாளர், நில உரிமையாளர், லாரி உரிமையாளர் என்று அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் கல்லெறிந்திருந்தார். இப்போது பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி பதினொன்றரை.

“எழுத மாட்டேன். அந்தச் சொல்லுக்குக் கீழ எம்பேரு வராது.”

ஆவுடை அவர் நெஞ்சில் சாய்ந்தபடியே பதிவேட்டைப் பார்த்தாள். “உரிமையாளர்னா என்ன? உரிமை உள்ளவரு. அதத்தான கேட்டு நாப்பது வருசமா வீட்டுக்கு வராமக் கெடந்தீக? இப்பக் குடுக்காக. வாங்குங்க.”

தாணு சொல்லை உடைத்துப் பார்த்தார். அவள் உடைத்தது சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

“பிராணியோட பேரு?”

அவர் யோசித்தார். வீட்டில் அவளை ஏட்டி என்பார், மேடையில் தோழர் என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவள் பெயரிலேயே பாதியை எடுத்து, “தங்கம்” என்றார்.

டாக்டர் விதியைப் படித்தார். “அழைத்ததும் பதில் கொடுக்கும் பிராணி அழைத்தவருக்கு உரியது. கூப்பிடுங்க, ஐயா. பதில் வந்தா ஊசி போட்டுரலாம்.”

தாணு தொண்டையைச் செருமினார். அவருக்குத் தெரிந்த குரல் ஒன்றுதான். கழுத்து நரம்பு புடைக்க, “தங்கம்” என்று முழங்கினார்.

“வாழ்க” என்றது வரிசை.

பல வருடப் பழக்கம். யாரும் யோசித்துச் சொல்லவில்லை. டீக்கடைக்காரர்கள் சொன்னார்கள், சட்டைப் பையில் டப்பா வைத்திருந்தவர்கள் சொன்னார்கள், பின்வரிசையில் ஒரு குடைக்குள்ளிருந்து சுத்தமான ழகரத்தோடு ஒரு வாழ்க வந்தது. ஆவுடை மட்டும் திரும்பவில்லை.

“அவுக பதில் சொல்லலியே” என்றார் மாசானம், எழுதிக்கொண்டே.

தாணு மறுபடி முழங்கினார். வரிசை மறுபடி வாழ்த்தியது. மணி பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம். டாக்டரின் ஜீப்பைத் திருப்பி நிறுத்தினார்கள்.

“ஏட்டி, கூப்பிடுதேன்லா” என்றார் தாணு.

“என்னையவா கூப்பிட்டீக?” என்றாள் ஆவுடை. “ஊரையில்லா கூப்பிட்டீக.”

அவர் குனிந்தார். அவள் காதோரம் நரைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. அவருக்கு அந்தக் காதை இவ்வளவு பக்கத்தில் பார்த்த நினைவில்லை. குரலை எங்கேயோ கீழே போய்த் தேடி, மூச்சு அளவுக்கு எடுத்து வந்து, “தங்கம்” என்றார்.

ஆவுடை திரும்பினாள். “ம்” என்றாள்.

டாக்டர் அவள் நெஞ்சைச் சுற்றி நாடா பிடித்து எடையைக் கணக்கிட்டு, கன்றுக்குட்டிக் கணக்கில் மருந்தை ஏற்றி, ஊசி போட்டார். ஆவுடை முகம் சுளிக்கவில்லை. தாணு கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கு ஜீப் புறப்பட்டது.

சாயங்காலம் சிவப்பு தொடைக் கோட்டிலிருந்து இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. தாணு புதிய கோடு போட்டுக்கொண்டிருந்தபோது மாசானம் பதிவேட்டின் நகலோடு வீட்டுக்கு வந்தார். வரிசையில் பதில் கொடுத்தவர்கள் எல்லாரும் விதிப்படி தாணுவின் பெயரில் ஏறியிருந்தார்கள். நாற்பத்துமூன்று பேர், எல்லாருக்கும் பெயர் தங்கம்.

“வளக்குறவுகதான் சோறு வைக்கணும்” என்றார் மாசானம். “பதில் சொன்னதுல எருமை எதுவும் இல்ல, கவலப்படாதீக.”

அவர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள், சிலர் வாசற்படியில் சுருண்டு படுத்தார்கள். தாணு நகலைப் பார்த்துக் கணக்குப் போட்டார். கடைசிக் கூட்டத்துக்கு வந்ததைவிட முப்பத்துநான்கு பேர் அதிகம். அவர் அடுத்த நோட்டீசுக்குத் தாள் எடுத்தார். “தோழர்களே” என்று எழுதி, அதை அடித்துவிட்டு, “தங்கங்களே” என்று எழுதினார்.

ஆவுடை கட்டிலில் கால் நீட்டியபடி உலைக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏசுவடியான் வாத்தியார் கடைசியாக வந்தார். குடையை மடக்கிச் சுவரோரம் சாத்திவிட்டு, நகத்தால் கதவை இரண்டு தரம் பிறாண்டினார்.

“உள்ள விடுங்க, தூத்தல் விழுது” என்றாள் ஆவுடை. “கதவத் தொறந்தா மட்டும் வரமாட்டாரு. கூப்பிடணும். மெதுவாக் கூப்பிடுங்க.”

தாணு கூப்பிட்டார்.