வழக்குச் சொத்து

பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் பிரச்சினையே இல்லை. தூதரகத்தில் ஒரு மனு, இரண்டு போட்டோ, கொஞ்சம் கெஞ்சல். புதுசு வந்துவிடும்.

தொலையவில்லை. அதுதான் சங்கடம்.

போலீஸ் ஸ்டேஷனின் பின்னறையில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம், மூன்றாவது தட்டில், அரக்கு முத்திரை வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் அது பத்திரமாக இருந்தது. போட்டோப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி விரித்து வைத்திருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக்கை அவருடைய முகமே உள்ளேயிருந்து முறைத்தது.

"அது என்னோடது சார்."

"யாரு இல்லன்னா?" ஏட்டு டீயை ஊதினார். "ஆனா இப்போதைக்கு உங்களோடது இல்ல. கோர்ட்டோடது. வழக்குச் சொத்து."

"விசா முடியப்போகுது. நீட்டிக்கணும்னா பாஸ்போர்ட் வேணும்."

"நல்ல காரியத்துக்குத்தான் கேக்கறீங்க. எடுத்துக் குடுக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. குடுத்தேன்னா அந்தத் தட்டுல என்னை உக்கார வச்சு அரக்கு வச்சிடுவாங்க. பரவால்லையா?"

மெக்கானிக் இந்த நாட்டுக்கு மனைவியின் விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவர். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். அவளுடைய வேலைக்கு விசா. அவளுடைய கணவன் என்பதற்காக இவருக்கு விசா. கல்யாணமான முதல் மூன்று வருஷம் அவள் இங்கே, இவர் அங்கே. குடித்தனம் முழுக்க போனில்தான். சண்டை போட்டுச் சமாதானமாவதற்குள் யாராவது ஒருவருக்குப் பேட்டரி தீர்ந்துவிடும். இப்போதுதான் ஒரே வீட்டில், ஒரே சண்டையை முழுசாகப் போட்டு முடிக்கிற வசதி வாய்த்திருந்தது. அதற்குள் இது.

நடந்தது இதுதான்.

விசா நீட்டிப்புக்கு நகல் எடுப்பதற்காக அன்று பாஸ்போர்ட்டை வேலைப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தார். ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பராமரிப்பு. மொட்டை மாடி மெஷின் ரூம் வாசலில் பையை வைத்துவிட்டுத் திரும்பினால், ஒல்லியாக ஒருவன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்ட்டுக்குள் நுழைவது தெரிந்தது. கதவு மூடிக்கொண்டது.

வேறு யாராக இருந்தாலும் படியில் ஓடியிருப்பார்கள். இவர் ஓடவில்லை. மெஷின் ரூமுக்குள் போய், மெயின் சுவிட்சை இறக்கினார்.

லிஃப்ட் ஐந்தாம் மாடிக்குச் சற்று மேலே அந்தரத்தில் நின்றது.

போலீஸ் வந்த பிறகு கதவைத் திறந்தார்கள். உள்ளே, வியர்த்து வழிந்தபடி மூன்று பேர். தரையில் பை, தாய் தகப்பன் இல்லாத பிள்ளை மாதிரி. 'யாருடையது?' என்றதும் மூன்று பேரும் விட்டத்தைப் பார்த்தார்கள். மெக்கானிக் மட்டும் கையை நீட்டினார். "இவன்தான்."

வேறு சாட்சி கிடையாது. லிஃப்ட்டில் கேமரா கிடையாது. அந்த ஒற்றை விரல்தான் மொத்த வழக்கும். ஒல்லிக்காரனுக்கு அன்றிலிருந்து ஸ்டேஷனில் 'அஞ்சாம் மாடி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதோடு விட்டிருந்தால் கதை இல்லை. இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். "பாஸ்போர்ட்ட ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு திருப்பிக் குடுத்துடறேன். பையும் டிபன் பாக்ஸும் போதும், கேஸ் ஓடும்" என்றார்.

மெக்கானிக்குக்கு வீரம் இன்னும் இறங்கவில்லை.

"வேணாம் சார். டிபன் பாக்ஸ் திருடினவனுக்கு எந்த ஜட்ஜு ஜெயில் குடுப்பாரு? பாஸ்போர்ட்டையும் சேருங்க. கேஸ் கல்லு மாதிரி நிக்கணும்."

நின்றது. இவர் தலைமேல்.

"யாரு உங்களைக் கேட்டா?" எக்ஸ்ரேக்காரி அன்று வீட்டில் கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தம் அடுத்த ஃப்ளாட்டுக்குக் கேட்டிருக்கும். "வேலியில போற ஓணானைப் புடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, இப்ப குத்துதே குடையுதேன்னா நான் என்ன பண்ண?"

"நியாயம்னு ஒண்ணு..."

"நியாயத்தோட குடித்தனம் நடத்துங்க. அது விசா வாங்கித் தருதா பாப்போம்."

மறுநாள் விசா அலுவலகம். கவுன்ட்டருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். பேச்சில் தேன் வடிந்தது.

"பாஸ்போர்ட் கையில இல்லன்னாலும் மனு குடுக்கலாம் சார். அது யார்கிட்ட இருக்கோ, அவங்ககிட்டேர்ந்து ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. அவ்வளவுதான்."

மெக்கானிக் ஓடிப்போய் வாங்கி வந்தார். ஏட்டு எழுதிக் கொடுத்த கடிதத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை: 'மேற்படி நபரின் பாஸ்போர்ட் ஒரு குற்ற வழக்கில் கைப்பற்றப்பட்டு, காவல் நிலையத்தில் வைக்கப்பட்டுள்ளது.'

கவுன்ட்டர் அம்மாள் படித்தாள். நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டாள்.

"என்ன குத்தம் சார் பண்ணீங்க?"

"நான் பண்ணலைம்மா. எனக்குப் பண்ணாங்க."

"இதுல அப்படி எழுதலையே. சரி, மனுவுல இந்தக் கேள்விக்கு 'ஆம்' போடுங்க. குற்ற வழக்கோட தொடர்பு இருக்கான்னு கேட்டிருக்கு பாருங்க."

"ஆம் போட்டா?"

"விசாரணைப் பிரிவுக்குப் போயிடும். கேஸ் முடியற வரைக்கும் அங்கேயே தூங்கும்."

"இல்லைன்னு போட்டா?"

"பொய் சொன்ன குத்தத்துக்கு உங்க மேல தனியா ஒரு கேஸ் வரும்."

மெக்கானிக் 'ஆம்' போட்டார். மனு தூங்கப் போய்விட்டது. விசா மட்டும் தூங்காமல் தன் கடைசித் தேதியை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஸ்டேஷன் பெஞ்சில் காத்திருந்தபோது பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

"என்னண்ணே, இன்னும் குடுக்கலையா?"

அஞ்சாம் மாடி! ஜாமீனில் வந்தவன், வாராவாரம் கையெழுத்துப் போட வருகிறான். மெக்கானிக் பல்லைக் கடித்தார்.

"உன்னாலதான்டா இவ்வளவும்."

"கோவிச்சுக்காதீங்க. எனக்குப் பாஸ்போர்ட் எதுக்குண்ணே? பணத்தை எடுத்துக்கிட்டு, மத்தவங்களோட அடையாள அட்டை, பாஸ்போர்ட்டெல்லாம் தபால் பெட்டியில போட்டுடுவேன். அது என் வழக்கம். நீங்க மட்டும் சுவிட்ச இறக்கலன்னா, ரெண்டு நாள்ல உங்க வீடு தேடி வந்திருக்கும்."

மெக்கானிக்குக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. குரலை இறக்கினார்.

"தம்பி, ஒண்ணு செய். கோர்ட்டுல குத்தத்தை ஒத்துக்க. கேஸ் முடிஞ்சா பாஸ்போர்ட் என் கைக்கு வந்துடும். உனக்குப் புண்ணியமாப் போவும்."

"ஒத்துக்கலாம்ணே. ஆனா வக்கீல் வேணாங்கறாரு."

"ஏன்?"

"உங்க விசா முடியப்போகுதாமே? அது முடிஞ்சா நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. சாட்சி இல்ல, கேஸும் இல்ல. அது வரைக்கும் வாய்தா மேல வாய்தா வாங்கிடறேன்னு சொல்லிட்டாரு." அஞ்சாம் மாடி ஒரு கணம் யோசித்தான். "ஆனா ஒண்ணு புரியலண்ணே. பாஸ்போர்ட் இல்லாம நீங்க எப்படி ஊருக்குப் போவீங்க?"

அந்தக் கேள்விக்கு இந்த நாட்டு அரசாங்கத்திடமே பதில் இருந்திருக்காது.

விஷயத்தைக் கேட்டதும் எக்ஸ்ரேக்காரி திட்டவில்லை. அதுவே மெக்கானிக்குக்குப் பயமாக இருந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு படத்தை விளக்குக்கு நேரே பிடித்து, எலும்பில் எங்கே கீறல் என்று பார்க்கிற முகம்.

"நீங்க போயிட்டா கேஸ் விழுந்துடும். சரிதானே?"

"ஆமா."

"கேஸ் விழுந்தா யாருக்கு நஷ்டம்?"

"நமக்கு."

"மண்டு, மண்டு! அரசு வக்கீலுக்கு. கிளம்புங்க."

அரசு வக்கீல் ஒரு வருஷமாக எந்த வழக்கிலும் ஜெயித்திராதவர். சாட்சிகளுக்கு அவரைப் பார்த்ததும் மறதி வந்துவிடுவது வழக்கம். தானாக நடந்து வந்து, ஞாபகசக்தியோடு முன்னால் நின்ற சாட்சியை அவர் கடவுளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நாட்ட விட்டு அனுப்பிடுவாங்களா? என் சாட்சியையா? அதையும் பாத்துடுவோம்!"

அதன்பிறகு எல்லாமே மின்னல் வேகம். நீதிமன்றத்திலிருந்து கடிதம் போனது. விசா அலுவலகம் நடுங்கியது. விசா முடிவதற்கு முந்தின நாள் கவுன்ட்டர் அம்மாள் போனில் வரச்சொல்லி, மெக்கானிக் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். 'வழக்கு முடியும்வரை சாட்சியாகத் தங்க அனுமதி.'

கணவனாகக் கேட்டபோது கிடைக்காதது, திருட்டுக் கொடுத்தவனாகக் கேட்டதும் கிடைத்துவிட்டது. மெக்கானிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"என் பழைய மனு எப்பம்மா எழுந்திருக்கும்?"

"எது, புருஷன் மனுவா? அதை மூடியாச்சே."

"மூடியாச்சா!"

"ஒரு ஆளுக்கு ஒரு ஃபைல்தான் சார். ஒண்ணு புருஷனா இருங்க, இல்ல சாட்சியா இருங்க. ரெண்டுமா இருக்க முடியாது. கேஸ் முடிஞ்ச அன்னைக்கு இந்த அனுமதியும் முடிஞ்சிடும். ஊருக்குப் போய், அங்கேர்ந்து புதுசா மனு போடணும்."

"அது வர எவ்வளவு நாளாகும்?"

"அங்க வரிசை ரெண்டு வருஷத்தத் தாண்டிடுச்சு." அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை. "ஆனா, அடுத்த வருஷக் கடைசியில உங்க வீட்டம்மாவுக்கு நிரந்தர அனுமதி வந்துடும்னு போட்டிருக்கு. அது வந்துட்டா நீங்க போகவே வேணாம். இங்கேயே மாத்திக்கலாம். அது வரைக்கும் கேஸ் நடந்தாப் போதும்."

அன்றிலிருந்து மெக்கானிக்கின் வேண்டுதல் மாறியது. எதிர்த்தரப்பு வக்கீல் தும்மினால் இவருக்குச் சந்தோஷம். ஜட்ஜுக்குக் காய்ச்சல் என்று ஒருமுறை விசாரணை தள்ளிப்போனபோது வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அடுத்த வாய்தா அன்று இருவரும் போனபோது, கோர்ட் வராந்தாவில், அஞ்சாம் மாடி இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றிருந்தான். முகத்தில் தேஜஸ்.

"அண்ணே, அண்ணி, நல்ல சேதி! இன்னைக்கு ஒத்துக்கப்போறேன்."

மெக்கானிக் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதை?"

"குத்தத்தைத்தாண்ணே. நீங்க அன்னைக்குக் கெஞ்சினது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. வக்கீலும் இப்ப ஒத்துக்கோங்கறாரு. சாட்சி ஊருக்குப் போக மாட்டான், அரசாங்கமே புடிச்சு வச்சிருக்கு, இனிமே தப்பிக்க வழியில்ல, தானா ஒத்துக்கிட்டா தண்டனை கொறையும்னாரு. ஒரு மூணு மாசம் உள்ள இருந்துட்டு வந்துடுவேன். பாஸ்போர்ட் சாயங்காலமே உங்க கையில."

"வேணாம்!" என்றார் மெக்கானிக். வராந்தாவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தணித்தார். "என்னப்பா அவசரம்? சின்ன வயசு. நல்லா யோசிச்சியா?"

"நான்தானேண்ணே எடுத்தேன்?"

"அதை நீயே எப்படி முடிவு பண்ணலாம்? கோர்ட்டுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

அஞ்சாம் மாடி மலைத்துப்போய் எக்ஸ்ரேக்காரியைப் பார்த்தான். அவள் அவனை ஓரமாக இழுத்து, விசாவையும் ஃபைலையும் அடுத்த வருஷக் கடைசியையும் பிட்டுப் பிட்டு வைத்தாள். அவன் கேட்டு முடித்து, தலையைச் சொறிந்தான். திருடனாக இருந்தாலும் கணக்குத் தெரிந்தவன்.

"எல்லாம் சரி அண்ணி. நான் இல்லைன்னு சொல்றேன், அடுத்த வருஷம் வரைக்கும் இழுக்கறேன். உங்களுக்கு விசா வந்துடும். அப்புறம் அண்ணன் கூண்டுல ஏறி 'இவன்தான்'னு கைய நீட்டினா, எனக்கு ரெண்டு வருஷம். என் பொண்டாட்டிக்கு நான் என்ன சொல்ல?"

உள்ளேயிருந்து அரசு வக்கீல் தன் சாட்சியைப் பார்த்து அன்போடு கையசைத்தார்.

"இவரா கை நீட்டுவாரு?" என்றாள் எக்ஸ்ரேக்காரி. "மூணு வருஷம் கழிச்சு ஏர்போர்ட்டுல வந்து இறங்கினப்ப, நான் வாசல்ல நிக்கறேன் தம்பி, இவரு வேற எவளோ ஒருத்தியோட பெட்டியத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு. ஆள் அடையாளம்லாம் இவருக்கு அவ்வளவுதான்."

அஞ்சாம் மாடி அவளை நம்பவில்லை. மெக்கானிக்கின் பக்கம் திரும்பினான்.

"நிஜமாவாண்ணே?"

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்த அனுமதிக் காகிதத்தைத் தடவினார். மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அந்த லிஃப்ட்டுல வெளிச்சம் கொஞ்சம் கம்மிதான், தம்பி."

சம்பவத்தன்று காலையில்தான் அந்த லிஃப்ட்டுக்குப் புது விளக்கு மாட்டியிருந்தார். அவர் கையாலேயே.

டவாலி வழக்கு எண்ணைக் கூவினான். அஞ்சாம் மாடி காலரைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனான். ஜட்ஜ் கேட்டதற்கு, "நான் எதுவும் எடுக்கலீங்கய்யா" என்று கணீரென்று சொன்னான். அவனுடைய வக்கீல் திகைத்துப்போய், வேறு வழி தெரியாமல் எழுந்து வாய்தா கேட்டார். ஜட்ஜ் எரிச்சலோடு நாட்காட்டியைப் புரட்டினார். நாலு மாசம் தள்ளித்தான் கிடைத்தது.

அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். கண்ணாடியை இறக்கிவிட்டு, மூன்றாவது வரிசையில் கைகட்டி நின்ற சாட்சியைப் பார்த்தார்.

"உங்க பாஸ்போர்ட்டும் மாட்டிக்கிட்டிருக்கு, வேலையும் கெடுது. இப்படி இழுக்கறது உங்களுக்குச் சிரமமா இல்லையா?"

எக்ஸ்ரேக்காரி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற பெண் போலீஸ் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"எவ்வளவு நாளானாலும் பரவால்லீங்கய்யா," என்றார் மெக்கானிக். "நியாயம் மெதுவாவே வரட்டும்."