விடுப்பில் போன பாதங்கள்

தன் இரண்டு பாதங்களும் விடுப்புக் கடிதம்கூட எழுதி வைக்காமல் எங்கோ கிளம்பிப் போய்விட்டன என்று ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னதும், தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நெஜமாம்மா! ஒரு செருப்பு மாடிப்படியிலேயே கழண்டு நின்னுடுச்சு. எனக்குத் தெரியவே இல்ல. கடைவரைக்கும் ஒத்தச் செருப்போட ராஜநடை நடந்திருக்கேன்!"

"போன வாரம், பிரேக் புடிக்காத பஸ்ஸை விசிலடிச்சே நிறுத்தினேன்னு சொன்ன. இந்த வாரம் காலா? அடங்கவே மாட்டியா அண்ணா?" போனை வைத்துவிட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் விட்ட கதைகளுக்கெல்லாம் சக்கரம் மாட்டினால் நாலு பணிமனை நிரம்பும்.

மனைவி இறந்தபின் அவர் வீட்டு அடுப்பு கடுங்காப்பிக்கு மட்டுமே எரிந்தது. காலையில் ரொட்டியும் கடுங்காப்பியும். இரவில், ஒரு மாறுதலுக்காக, கடுங்காப்பியும் ரொட்டியும். ஒற்றை ஆளுக்கு வாங்கினால் பால் திரிந்தது, முட்டை கெட்டது. நெஞ்செரிச்சலுக்கு வருஷக்கணக்கில் மாத்திரை. எதிர் நாற்காலியில் செய்தித்தாள் உட்கார்ந்திருந்தது.

அடுத்த ஞாயிறு, "குளியலறையில விழுந்துட்டேன்" என்றார். அவ்வளவுதான். விழுந்த வேகத்தில் பக்கத்துக் கட்டடம் ஆடியது என்றுகூடச் சேர்க்கவில்லை. தங்கை அடுத்த ரயிலில் வந்து இறங்கி, அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, டாக்டரம்மா இரட்டைக் கிளை கொண்ட ஓர் இரும்புக் கவையைத் தட்டி, அதிர அதிர அவர் கணுக்காலில் வைத்தார்.

"எப்ப வைப்பீங்க?" என்றார் டிரைவர்.

நடிக்கிறாரோ என்று தங்கைக்குச் சந்தேகம். யாரும் பார்க்காதபோது குனிந்து அவர் கட்டைவிரலை நறுக்கென்று கிள்ளினாள். அவர் பாட்டுக்கு டாக்டரம்மாவிடம் பஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

ரத்தத்தில் வைட்டமின் பி12 அடிமட்டத்தில் கிடந்தது. "நரம்போட உறைக்கு இது வேணும். பால், முட்டை, மீன் எதுவும் உள்ள போகல. போற கொஞ்சத்தையும் இந்த நெஞ்செரிச்சல் மாத்திரை உடம்புல சேர விடல" என்றார் டாக்டரம்மா. ஊசி ஆரம்பமானது. தங்கை பத்து நாள் இருந்து, தினமும் இரண்டு முட்டை அவித்தாள், ஆளுக்கொன்று. பிறகு அவளும் ஊருக்குப் போய்விட்டாள். அவர் ஒரே ஒரு முட்டையை அவிக்கக் கற்றுக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, கட்டிலிலிருந்து இறங்கியவருக்குத் தரை சில்லென்றது. அப்படியே நின்றார். இதைச் சொல்ல வீட்டில் யாருமில்லை. போனை எடுத்தார்.

"இடது பாதம் வந்து சேர்ந்துடுச்சும்மா. வலது இன்னும் வழியில இருக்கு."

அவள் சிரிப்புக்காகக் காத்திருந்தார்.

"என்ன, சிரிக்கல?"

"அன்னைக்கு நகம் பதியக் கிள்ளினேன் அண்ணா. உனக்குத் தெரியவே இல்ல" என்றாள் தங்கை. "போயிருந்தது நெஜம்தான்."