நான் திறக்கக் கூடாத பெட்டி

பதினொரு வருடமாக நான் ஒரே வீட்டுக்கு டிரைவர். முதலாளி அரபி, வீட்டில் எல்லோருக்கும் அவர் பாபா. என்னைவிட ஆறு வயது இளையவர், இருந்தாலும் எனக்கும் பாபாதான். இந்தப் பதினொரு வருடத்தில் அவரிடம் நான் அதிகம் சொன்ன சொல் ‘ஹாதிர்’. உத்தரவு என்று அர்த்தம். இல்லை என்பதற்கும் அரபியில் சொல் உண்டு, ‘மாஃபி’. பெட்ரோல் மாஃபி, பார்க்கிங் மாஃபி என்று அதைச் சொல்லியிருக்கிறேன். பாபா கேட்ட எதற்கும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை, ஸ்கூலுக்குப் போகிற வழியில் மைத்தா சீட்டில் ஜூஸைக் கொட்டினாள். பாபாவின் ஒரே மகள், ஆறு வயது. சிக்னலில் நின்றபோது டிஷ்யூ எடுக்க டேஷ்போர்டைத் திறந்தேன். டிஷ்யூ இல்லை. கறுப்பாக ஒரு கைத்துப்பாக்கி இருந்தது.

மூடிவிட்டேன். ஜூஸைச் சட்டைக் கையால் துடைத்தேன்.

பாபாவுக்குப் பாலைவனத்தில் பண்ணை உண்டு. வெள்ளிக்கிழமை அங்கே போகும்போது இதை எடுத்துப் போவார். திரும்பி வந்ததும் எடுத்து உள்ளே வைக்க மறந்திருக்கிறார். மறப்பதில் அவர் மன்னன். மூக்குக்கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டு என்னைத் தேடச் சொன்னவர். லைசன்ஸ் அவர் பர்ஸில், துப்பாக்கி நான் ஓட்டும் வண்டியில், அவர் மகள் பின் சீட்டில். அன்றைக்கு நாற்பதுக்கு மேல் நான் மிதிக்கவில்லை. வேகத்தடையைக் கண்டால் கர்ப்பிணியை ஏற்றிய ஆம்புலன்ஸ் போல ஏறி இறங்கினேன். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்களே ஹாரன் அடித்து என்னை முந்திப் போயின.

அன்று மதியமே மனைவியிடம் சொன்னேன். ஜெபகனி பஹ்ரைனில் நர்ஸ், ஈசா டவுனில் ரூம். நாங்கள் குடும்பம் நடத்துவது போனில். மறுநாள் டியூட்டி முடிந்ததும் அவளே கூப்பிட்டாள்.

“பாபாட்ட சொல்லியாச்சா?”

“நாளைக்கு சொல்லலாம்னு...”

“நேத்தும் இதத்தான சொன்னீங்க? ஒரு புள்ள ஏறி இறங்குத வண்டியில அந்தச் சவத்த வச்சிக்கிட்டு, நாளைக்காம் நாளைக்கு!”

“எப்படிடீ சொல்லுவேன்? நீங்க மறந்துட்டீங்கன்னு மொதலாளிட்ட சொல்ல முடியுமா?”

“வெறுங்கையோட போயி சொன்னா குத்தம் சொல்லுத மாதிரிதான் இருக்கும். பூட்டுத பெட்டி ஒண்ண வாங்கிக் கையில வச்சிக்கிட்டுச் சொல்லுங்க. வேல செய்யுத மாதிரி இருக்கும்.”

எனக்குத் தோன்றவேண்டியது அவளுக்குத் தோன்றியது. எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். புதன்கிழமை காலை வண்டி கழுவும் சாக்கில் டேஷ்போர்டைத் திறந்து, துப்பாக்கியைத் தொடாமல், கையை மேலே விரித்துப் பிடித்து அளந்தேன். நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, உயரம் ஏழு விரல். ஆனால் சாணை நம்பிப் பெட்டி வாங்க முடியுமா? பயத்தில் என் கை சுருங்கியிருக்கலாம். அதனால் மலிவுக் கடை ஒன்றில் அதே அளவில் ஒரு பச்சைத் தண்ணீர்த் துப்பாக்கி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு தேரா கடைத்தெருவுக்குப் போனேன். நான் செய்த இரண்டாவது தப்பு அது. முதல் தப்பு எனக்கே அப்போது தெரியாது.

செய்கு முகம்மது காக்கா காயல்பட்டினத்துக்காரர்; அங்கே காக்கா என்றால் அண்ணன். தேராவில் பூட்டு, தாழ்ப்பாள் வியாபாரம்.

“காக்கா, வண்டியில வைக்க சின்னதா ஒரு பெட்டி. நல்லா பூட்டணும்.”

“உள்ள என்னத்த வைக்கப் போறீரு?”

பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் பச்சைத் துப்பாக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தண்ணி திருட்டுப் போயிரும்னு பயப்படுறீரோ?”

குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. உள்ளே போய் மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். முதல் பெட்டி சாவி போட்டுத் திறப்பது. பார்க்க உறுதியாக இருந்தது.

“சாவி எங்க கிடக்கும்?” என்றார்.

“வண்டிச் சாவிக் கொத்துல.”

“கொத்து யார்ட்ட?”

“எங்கிட்டதான்.”

“அப்பம் பெட்டி எதுக்கு ஓய்? நீரே மடியில வச்சிக்கிட்டு ஓட்டும்.”

இரண்டாவது, விரல் வைத்தால் திறப்பது. அதன் நீல வெளிச்சம் எனக்குப் பிடித்துவிட்டது.

“ஆகஸ்ட் மாசம் வெயில்ல மூடிக் கிடக்குத வண்டிக்குள்ள இந்த பேட்டரி எத்தன நாள் நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. அது கிடக்கட்டும். புது போன் வாங்கினா உம்ம பாபா யார்ட்ட குடுத்து சரி பண்ணச் சொல்லுவாரு?”

“எங்கிட்ட.”

“அப்பம் மொதல்ல பதியுற விரல் யாரோடது?”

விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

மூன்றாவது பெட்டிக்கு அழகு ஒன்றும் இல்லை. கனத்த இரும்பு. மேலே எண் பொத்தான்கள், நாலு எண்ணைச் சரியாக அழுத்தினால் திறக்கும். பேட்டரி கிடையாது. சீட்டின் காலில் சுற்றிக் கட்டத் தடித்த கம்பி வடம் ஒன்று. பச்சைத் துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டினேன், குலுக்கினேன், மூடியின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினேன். நகம்தான் போயிற்று.

“இத நான் தொறக்க முடியாதுல்லா காக்கா?”

“நம்பர் தெரியாட்டி முடியாது.” என் கையைத் தட்டிக் கொடுத்தார். “முப்பது வருசமா கட வச்சிருக்கேன். தான் தொறக்க முடியாத பெட்டிதான் வேணும்னு தேடி வந்த மொத ஆளு நீருதான் ஓய்.”

மதியம் மைத்தாவை ஸ்கூலிலிருந்து ஏற்றினேன். பாபாவிடம் சொல்லவேண்டிய பேச்சை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்ததில், முன் சீட்டில் கிடந்த பையை மறந்தேன். அவள் மறக்கவில்லை.

“நேஸன், இது எனக்கா?”

பச்சைத் துப்பாக்கி அவள் கையில் இருந்தது. ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? தண்ணீர் பாட்டிலை அதில் கவிழ்த்து என் பிடரியில் அடித்தாள். அவள் பேசுவது ஸ்கூல் இங்கிலீஷ், நான் பேசுவது டிரைவர் இங்கிலீஷ். இங்கே இரண்டையும் தமிழில் சொல்கிறேன்.

“இது நல்லா இருக்கு. பாபாவோடதுல தண்ணியே வராது. ரொம்பக் கனம் வேற.”

எப்படி ஓரம் கட்டினேன் என்று தெரியவில்லை. வண்டி நின்றிருந்தது.

“கனம்னு உனக்கு எப்படித் தெரியும், கண்ணு?”

“ரெண்டு கையால தூக்கிப் பார்த்தேனே. நீ ஐஸ்கிரீம் வாங்கப் போனப்போ.”

முதல் தப்பு இதுதான். மதியம் தோறும் வழியில் பக்காலா என்கிற சின்ன மளிகைக்கடை முன்னால் நிறுத்தி, ஏசியை ஓடவிட்டு, அவளை வண்டியில் விட்டுவிட்டு நான் ஐஸ்கிரீம் வாங்க ஓடுவேன். செல்லம் கொடுப்பதாக நினைப்பு. துப்பாக்கி இருப்பது தெரிந்தபிறகும் முந்தாநாளும் நேற்றும் ஓடியிருக்கிறேன். இரண்டு நிமிஷம்தானே என்று.

அன்று ஐஸ்கிரீம் கிடையாது. அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழ நான் பழகவில்லை.

ஓட்டிவைத்த பேச்சில் பக்காலா இல்லை. அதைச் சொல்லாவிட்டால் பாபா நம்பமாட்டார், சிரித்து அனுப்பிவிடுவார். சொன்னால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். அல் கவானீஜில் எங்கள் வீட்டு கேட் வருவதற்குள் முடிவு செய்தேன். டிக்கெட் என்றால் டிக்கெட்.

பாபா விருந்தினர் கூடமான மஜ்லிஸில் கஹ்வா காபி குடித்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் கம்பளத்தில் வைத்தேன்.

“இது என்ன நேஸன்?”

“வண்டிக்குப் பெட்டி, பாபா. டேஷ்போர்டில் இருக்கிறதே, அதற்கு.”

சிரித்தார். “அங்கேயே கிடக்கிறதா? பரவாயில்லை. யார் தொடப்போகிறார்கள்?”

“மைத்தா தொட்டாள். இரண்டு கையால் தூக்கியிருக்கிறாள். நான் அவளைத் தனியாக வண்டியில் விட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தேன். அந்தத் தப்பு என்னுடையது, பாபா. துப்பாக்கி உங்களுடையது.”

ஃபிஞ்சான் கிண்ணம் அவர் உதட்டுக்குப் போகாமல் பாதியில் நின்றது. கீழே வைத்தார். செருப்புக்கூடப் போடாமல் சுடு தரையில் நடந்து வண்டிக்குப் போனார். டேஷ்போர்டைத் திறந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குண்டுகளைக் கழற்றினார். உள்ளே குண்டு இருந்திருக்கிறது. கழற்றும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் திரும்பியபோது முகம் பார்க்கும்படி இல்லை.

நான் பெட்டியை எடுத்துவந்து, வண்டிக்குள் மல்லாந்து படுத்துக் கம்பி வடத்தைச் சீட்டின் காலில் சுற்றி இறுக்கினேன். இனி எண் வைக்கவேண்டும்.

“மைத்தாவின் பிறந்தநாள்” என்றார். “மறக்காது.”

“மாஃபி, பாபா.”

சொன்னபிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

“அது அவளுக்கே தெரியும். எனக்கும் தெரியும், கேக் வாங்கப் போகிறவன் நான்தான்.”

“அப்படியானால் வேறு எண் வைக்கிறேன். நான் மறந்துவிடுவேன், நீ ஞாபகம் வைத்துக்கொள்.” எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தார்.

இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டேன். “மாஃபி! எனக்குத் தெரியவே கூடாது!”

வண்டியிலிருந்து இறங்கி, சுவரைப் பார்த்து நின்று பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொன்னேன். எனக்கு அது சின்ன வயதிலேயே வராது. ஏழாவது வரியில் மாட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடி மாட்டினேன். மூன்றாவது தடவை தோளில் ஒரு கை விழுந்தது.

“கல்லாஸ்” என்றார் பாபா. முடிந்தது. துப்பாக்கியை வீட்டுக்குள் எடுத்துப் போனார்; பெட்டி இனி வெள்ளிக்கிழமைப் பயணத்துக்கு. படியில் நின்று, திரும்பாமல் சொன்னார்: “ஐஸ்கிரீம் வாங்கப் போனால் அவளையும் இறக்கிக் கூட்டிப் போ.” டிக்கெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, ஸ்கூல் கேட்டில் வரிசையில் நின்றிருந்தோம். சீட்டுக்கு அடியில் டக், டக் என்று சத்தம். மைத்தா பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் குனிந்து பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை என்றுதான் நம்புகிறேன். ஆனால் பாபாவின் ஞாபகத்தைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். தடுக்க வாயெடுத்தவன், தடுக்கவில்லை. நாலு எண். டக்.

“நேஸன்,” என்றாள், உதட்டைப் பிதுக்கி. “இதுல என் பிறந்தநாள் இல்லையா?”

“இல்லை, கண்ணு.”

“அப்ப எது?”

“எனக்குத் தெரியாது” என்றேன். அவ்வளவு பெருமையாக அதை நான் எங்கேயும் சொன்னதில்லை. அவளை இறக்கிவிட்டு, ஆக்ஸிலேட்டரை ஒழுங்காக மிதித்தேன்.