வலது பக்கத்துத் தபேலா

ஆரோக்கியசாமி வலது ஸ்பீக்கரைக் குப்புறக் கிடத்தி, அதன் முதுகில் உடைந்திருந்த சிவப்புக் குமிழுக்கு ஷூ ஒட்டும் சொல்யூஷனைத் தடவினார். ஒயரைப் பிடித்திருக்கும் திருகு அது. இறுக்கினால்தான் ஒலி சுத்தமாக வரும் என்று யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தர மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் கட்டிங் பிளேயரால் இறுக்கினார், உடைந்துவிட்டது. பஜாரில் ரிப்பேர்க் கடை உண்டு. வெளிநாட்டில் பிறந்த பொருளை பஜாரில் வைத்து அவிழ்ப்பதா?

கம்பெனி முறைப்படியே செய்தார். இரண்டு பக்கமும் தடவி, ஒயர் நுனிக்கும் பூசி, காயவிட்டு, அழுத்தி, மேலே குழவிக்கல்லை வைத்தார். தோல் கிழியுமே தவிர ஒட்டு விடாது என்று அவர் பார்த்து அனுப்பிய ஷூக்கள் ஐரோப்பாவில் நடந்துகொண்டிருக்கின்றன.

மாலையில் 'இசை நுகர்வுக் கூடுகை'. தெரு வாட்ஸாப் குழுவில் அழைப்பு போட்டதும் கட்டைவிரல்கள் குவிந்தன. ஆளாக வந்தவர் எதிர்வீட்டுப் பெருமாள் மட்டும்; ஜோலார்பேட்டை ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்.

கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி. மனைவி சவுரியம்மாள் இறந்த பிறகு, ஒலியைக் குடிக்கிறது என்று சோபாவை யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்.

"இன்னா சார், கூட்டம்னு சொல்லிட்டு ஒத்த சேர் போட்டிருக்கீங்க?"

"ஸ்டீரியோவுக்கு சரியான இடம் ஒண்ணுதான் பெருமாள். வயலின் இடது பக்கம், தபேலா வலது பக்கம். பாடறவங்க உங்க முன்னாடி வந்து நிப்பாங்க."

"நிக்கட்டும். எங்க வீட்ல பேரப்பசங்க பேஜார்ல நான்தான் நிக்க எடமில்லாம கெடக்கிறேன்."

பெருமாளை நாற்காலியில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார். வயலின் வந்தது. தபேலா வரவில்லை.

"தபேலாக்காரன் லீவா சார்?"

ஆரோக்கியசாமி பின்னால் போய்ப் பார்த்தார். ஒட்டு அசையவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. ஒயருக்கும் உலோகத்துக்கும் நடுவில் கரண்ட் நுழையக்கூட இடமில்லை.

பெருமாள் எழப் பார்த்தார். "பரவால்ல சார், இன்னொரு நாள் வர்றேன்."

இன்னொரு நாள். ஜெர்மனியில் இருக்கும் மகனும் ஈஸ்டர்தோறும் அதைத்தான் சொல்கிறான்.

"உக்காருங்க பெருமாள். ரெண்டே நிமிஷம்."

தோல் சீவும் கத்தியால் பசையைச் சுரண்டி, ஒயர் நுனியை உலோகத்தோடு சேர்த்து விரலால் அழுத்தினார். தபேலா பேசியது. விரலை எடுத்தார், நின்றது. மறுபடி அழுத்தினார்.

"ஆங், இப்ப வருது சார்! ஜோரா இருக்குது. நீங்களும் இந்தப் பக்கம் வாங்களேன்."

"நீங்க கேளுங்க."

சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் மண்டியிட்டிருந்தார். அங்கே பாடகர் வந்து நிற்கவில்லை. பெட்டியின் முதுகு அதிர்வது மட்டும் நெற்றியில் தெரிந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

"எப்படி இருக்கு பெருமாள்?"

பாட்டு மட்டும் ஓடியது. பெருமாள் மெய்மறந்திருக்கலாம். தூங்கியிருக்கலாம். வாசலில் செருப்பு மாட்டுவதுபோல ஏதோ சத்தம், தபேலாவாகவும் இருக்கலாம். எட்டிப் பார்த்தால் விரல் நழுவிவிடும். அது ஏற்கெனவே மரத்துப்போயிருந்தது. இன்னொரு கையையும் அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.