குழாய்க்காரரும் ஓட்டு டீச்சரும்

அந்தத் தொண்டு நிறுவனத்துக்கு ஊரில் இருந்தது இரண்டே அறைகள். முதல் அறையில் கணவர், அடுத்த அறையில் மனைவி. தெருத்தெருவாகத் தண்ணீர்க் குழாய் போடுவது அவர் வேலை, அதனால் குழாய்க்காரர். தெருக்கூட்டம் நடத்துவது, கவுன்சிலரைக் கேள்வி கேட்பது, வாக்காளர் பட்டியலில் பெயர் பார்ப்பது என்று ஜனங்களுக்கு வகுப்பெடுப்பது மனைவியின் வேலை. அதனால் ஓட்டு டீச்சர். மத்தியானம் இருவரும் ஒரே கேரியரில் சாப்பிடுவார்கள், ஒரே சண்டையைப் போடுவார்கள்.

"தண்ணி இல்லாதவனுக்கு முதல்ல தண்ணியைக் கொடு. ஓட்டெல்லாம் அப்புறம்."

"அந்தத் தண்ணி யார் வீட்டு வாசல்ல வரணும்னு முடிவு பண்றது யாரு? நீங்களா?"

பதில் சிக்காத நாட்களில் குழாய்க்காரர் கேரியரின் கடைசித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

அப்போதுதான் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த வருடம் ஒரு அறைக்குத்தான் நிதி. பொல்லாப்பைத் தலையில் போட்டுக்கொள்ள விரும்பாத டைரக்டரம்மா, இருவரும் வேலை பார்க்கிற ஒரு தெருவின் ஜனங்களையே கேட்டுவிடலாம் என்றார். டீச்சர் உடனே சம்மதித்தார். குழாய்க்காரருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தண்ணீர் வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் மனைவி தோற்றால் அவருடைய பதினோரு வருட வேலை போகும். காலையில் இருவரும் ஒன்றாகக் கிளம்புவதும் போகும். குளிர்ந்ததற்காக அன்று முழுக்கத் தன்மேலேயே அவருக்குக் கோபம்.

"கையைத் தூக்கச் சொன்னா முடிஞ்சது. இதுக்குப் போய் இவ்வளவு ஏற்பாடா?" என்றார், டீச்சர் ரகசிய ஓட்டு என்றதும்.

"கையைத் தூக்கச் சொன்னா மருமக மாமியார் மூஞ்சியைப் பார்ப்பா, மாமியார் மகன் மூஞ்சியைப் பார்ப்பா. அவன் உங்க மூஞ்சியைப் பார்ப்பான்."

ஆகவே அந்தத் தெருத் தையற்காரம்மா கடையில் ஒரு திரை, பின்னால் இரண்டு டப்பா, ஆளுக்கொரு சட்டைப் பொத்தான். எண்ணியது டீச்சரேதான். குழாய்க்கு அறுபத்தொன்று, வகுப்புக்கு ஒன்பது. குரல் கொஞ்சமும் பிசிறாமல் சத்தமாகச் சொன்னார்.

"ஜெயிச்சுட்டு மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க, பார்க்கச் சகிக்கல" என்றார் ஸ்கூட்டரில் ஏறும்போது. ஆனால் வழக்கமாக அவர் தோளில் இருக்கும் கை, அன்று பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டது. அது குழாய்க்காரருக்குச் சுருக்கென்று தைத்தது.

திங்கட்கிழமை புதுக் குழாய்க்கு இடம் குறிக்கப் போனார். தெருமுனைதான் தோது; பெரிய குழாய் பக்கத்திலேயே ஓடுகிறது. சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டார். தையற்காரம்மா கடையைவிட்டு இறங்கி வந்தார்.

"சார், அதை அழிச்சிடுங்க. இடத்தை நாங்க ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிக்கறோம்."

"அதான் ஓட்டு வகுப்பே வேண்டாம்னு ஓட்டுப் போட்டாச்சே!"

"வகுப்புதானே சார் வேண்டாம்னோம்? கத்துக்கிட்டதை மறுபடி எதுக்குக் கத்துக்கணும்?"

டப்பாக்கள் வந்தன, திரை வந்தது. தெருமுனைக்கு விழுந்தது நாலே பொத்தான். மற்றதெல்லாம் தெருக்கோடிக்கு. வயசானவர்கள் குடம் தூக்க முடியாமல் தவிக்கும் இடம் அது. எண்பது அடிக் குழாய் அதிகம் பிடிக்குமே என்று அவர் கையைக் காலை ஆட்டிச் சொல்லிப் பார்த்தார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வழியனுப்பி வைத்தார்கள்.

பாதி தூரம் வரைக்கும் கோபம் தாங்கவில்லை. அப்புறம் பக்கத்துத் தெரு ஞாபகத்துக்கு வந்தது. டீச்சர் வகுப்பெடுக்காத தெரு. அங்கே அவரே இடம் பார்த்துப் போட்ட குழாய்க்கு ஆறே மாதத்தில் ஒரு வீட்டுக்காரன் பூட்டுப் போட்டுவிட்டான், கேட்க நாதியில்லை. இந்தத் தெருவில் ஒரு குழாய்க்கும் பூட்டு விழுந்ததில்லை. நல்ல குழாய் என்று இத்தனை நாளாகத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரை நேரே டைரக்டரம்மாவிடம் விட்டார்.

"என் அறையில அவங்களுக்கும் ஒரு மேசை போடணும்மா. குழாய் போட எனக்குத் தெரியும். ஜனங்களைக் கேட்டுப் போட எனக்குத் தெரியல." ஒரு அறை நிதியிலேயே இருவருக்கும் சமாளிக்கலாம் என்று டைரக்டரம்மா தலையாட்டினார்.

சாயங்காலம் வீட்டில் டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தார். குழாய்க்காரர் நாலு பொத்தான் கதையை மூச்சுவிடாமல் சொன்னார்.

"கத்துக்கிட்டாச்சுன்னு தையற்காரம்மாவா சொன்னாங்க?" டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த பூரிப்பில், இவர் மேசை விஷயத்தையும் போட்டு உடைத்தார். சிரிப்பு நின்றது.

"டைரக்டரம்மாவைக் கேட்டீங்க. சரி. என்னைக் கேட்டீங்களா?"

இல்லை என்று குழாய்க்காரர் தலையாட்டினார்.

"இப்பக் கேளுங்க."

கட்டிக்கொள்கிறாயா என்று கேட்ட அன்றைக்குக்கூட அவர் இவ்வளவு பவ்யமாக நின்றதில்லை. "என்கூட வேலை பார்க்க வர்றியா?" என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்ற டீச்சர், மடிக்காத துணியில் பாதியை எடுத்து அவர் மடியில் போட்டார்.